ஒரே வானில் 179 விமானங்கள்

2016ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மால்வர்ன் என்னும் சிற்றூரின் புல்வெளி ஒன்றில் மாதிரி விமான ஆர்வலர்கள் பெருந்திரளாகக் கூடினர். வானொலி அலையால் இயக்கப்படும் சிறிய விமானங்கள் அங்கிருந்து மேலெழுந்தன. ஒரே நேரத்தில் 179 விமானங்கள் வானில் இருந்தன என்பது உறுதி செய்யப்பட்டு, அது கின்னஸ் உலகச் சாதனையாகப் பதிவு பெற்றது. இந்நிகழ்வை நடத்தியது, மாதிரி விமானங்கள் செய்யக் காணொளி வழியாகக் கற்றுக்கொடுக்கும் ஃபிளைட் டெஸ்ட் என்னும் குழு.

கேட்பதற்கு இது எளிய செயலாகத் தோன்றும். இருநூறு பேரைத் திரட்டி, ஆளுக்கொரு விமானத்தைக் கொடுத்து, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என எண்ணிப் பறக்கவிட்டால் முடிந்துவிடாதா? முடியாது. இத்தகைய முயற்சியின் வெற்றி வானில் தீர்மானிக்கப்படுவதில்லை, தரையில் தீர்மானிக்கப்படுகிறது.

முதல் தடை கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மாதிரி விமானத்தை ஓட்டுபவர் கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அதிலிருந்து புறப்படும் வானொலி அலையை விமானத்தினுள் இருக்கும் அலைவாங்கி பெற்று, சுக்கானையும் இயந்திரத்தையும் இயக்கும். பழைய கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட அலைத்தடம் இருந்தது. ஒரே தடத்தில் இருவர் கருவியை இயக்கினால், இரண்டு விமானங்களும் யார் சொல்லைக் கேட்பது எனத் தெரியாமல் தடுமாறும். பெரும்பாலும் தரையில் மோதி நொறுங்கும். அதனால் விமானத் திடல்களில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். தம் தடத்தின் எண் எழுதிய கவ்வியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டவர் மட்டுமே கருவியை முடுக்கலாம். அவர் அதைத் திரும்ப மாட்டும்வரை அதே தடத்தைக் கொண்ட மற்றவர் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென ஒதுக்கப்பட்ட 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 50 தடங்களே இருந்தன. எத்தனை பேர் கூடினாலும், அந்தப் பட்டையைக் கொண்டு 50 விமானங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பறக்கவிட வழியில்லை.

2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் கருவிகள் பரவலாயின. இவை ஒரே தடத்தில் நிலைத்து நிற்பதில்லை; நொடிக்குப் பலமுறை தடம் மாறித் தாவுகின்றன. மேலும், ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. திருமண மண்டபத்தில் ‘தம்பி’ என்று அழைத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அடையாள அட்டை எண்ணைச் சொல்லி அழைத்தால் ஒருவர்தான் திரும்புவார். அதுபோலவே ஒவ்வோர் அலைவாங்கியும் தன் கருவியின் குறியீட்டுக்கு மட்டும் பணிகிறது. பலகையும் கவ்வியும் தேவையற்றுப்போயின. நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒன்றாகப் பறக்கும் கனவு அதன் பிறகே நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது தடை பணம். மெல்லிய பால்சா மரத்தால் செய்த விமானத்தைக் கட்டி முடிக்க வாரக் கணக்கில் ஆகும். அதை நெரிசலான வானில் பறக்கவிட்டு உடைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஃபிளைட் டெஸ்ட் குழுவினர் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் நுரை அட்டையைப் பயன்படுத்தினர். அதை வரைபடத்தின்படி வெட்டி, மடித்து, சூட்டுப் பசையால் ஒட்டினால் விமான உடல் தயார். வரைபடங்களையும் இலவசமாகவே வழங்கினர். உடைந்தால் மறுநாள் இன்னொன்று செய்துகொள்ளலாம். மோட்டார், மின்கலம், அலைவாங்கி ஆகியவற்றைக் கழற்றிப் புதிய உடலில் பொருத்திவிடலாம். விமானம் மலிவானதால்தான் எண்ணிக்கை உயர்ந்தது எனலாம்.

இத்தகைய முயற்சி ஒன்றைக் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் மேற்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இலக்கு 200 விமானங்கள். முதல் தேவை இடம். ஒரு சிறிய நுரை அட்டை விமானம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், நொடிக்கு 11 மீட்டர் கடக்கும். ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தை ஒன்பதே நொடிகளில் கடந்துவிடும். எனவே பள்ளித் திடல் போதாது.

இடத்தைப் பற்றிப் பேசும்போது மேனார்ட் ஹில் என்பவரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கப் பொறியாளரான அவர், அட்லாண்டிக் பெருங்கடலை ஒரு மாதிரி விமானத்தால் கடக்க வேண்டும் என்று விரும்பினார். பன்னாட்டு விதிப்படி அந்த விமானம் எரிபொருளோடு சேர்த்து 5 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. அவரும் நண்பர்களும் முன்பு அனுப்பிய விமானங்கள் கடலில் தொலைந்தன. இறுதியில், 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் 77 வயது ஹில் ஐந்தாவது விமானத்தைத் தம் கையாலேயே காற்றில் ஏவினார். அப்போது அவர் பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். விமானம் தானியங்கிக் கருவியின் துணையோடு ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்து, சுமார் 3,030 கிலோமீட்டரைக் கடந்து, ஆகஸ்டு 11ஆம் நாள் அயர்லாந்துக் கரையை அடைந்தது. இடையில் சில மணி நேரம் செயற்கைக்கோள் வழி வந்துகொண்டிருந்த தகவல் நின்றுபோனது. இதுவும் தொலைந்தது என்றே குழுவினர் அஞ்சினர். அயர்லாந்துக் கரையில் காத்திருந்த டேவ் பிரவுன் என்னும் நண்பர், விமானம் கண்ணுக்குத் தெரிந்ததும் கட்டுப்பாட்டை ஏற்றுத் தரையிறக்கினார். ஏவியவர் ஒரு கண்டத்தில், இறக்கியவர் இன்னொரு கண்டத்தில்.

அந்த விமானத்துக்கு ஹில் தம் பெயரைச் சூட்டவில்லை. ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். சோதனை ஓட்டங்களுக்காகத் தம் நிலத்தை ஆண்டுக்கணக்கில் திறந்துவிட்ட பண்ணைக்காரர்தான் பட்ஸ். இடம் கொடுத்தவரின் பெயரே கடல் கடந்தது.

கோலசிலாங்கூரில் அந்தப் பண்ணைக்கு நிகரானவை தோட்டங்கள். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே அங்குச் செம்பனையை வணிக அளவில் நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. செம்பனை வரலாறு தொடங்கிய இடத்துக்குத் தென்னையின் தமிழ்ப்பெயர் அமைந்திருப்பது சுவையான முரண். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா எனப் பரந்து கிடக்கும் இப்பகுதியின் தோட்டங்களில் கோவில், பள்ளி, லயன் வீடுகள் இவற்றோடு ஒரு திடலும் இருப்பது வழக்கம். திருவிழாவும் காற்பந்தும் அங்கேதான் நடக்கும். ஆனால், பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அத்திடல்களும் மறைந்தன. எஞ்சியிருக்கும் திடல்களைச் சுற்றிச் செம்பனை வளர்ந்து நிற்கிறது. திடலின் எல்லையைத் தாண்டும் விமானம் மட்டைகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும்.

மறுநடவுக்காக மரங்களை வீழ்த்திய நிலம் பொருந்துமா? செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வர். அப்போது வானம் திறந்திருக்கும். ஆனால், காலடியில் மரத்துண்டுகளும் வடிகால்களும் நிறைந்திருக்கும். இருநூறு பேர் அண்ணாந்து பார்த்தபடி நடமாட ஏற்ற இடமன்று. அதைவிட வடக்கே, செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரத்தின் அறுவடை முடிந்த வயல்கள் மேலானவை. மரங்கள் குறைவு, நிலம் சமதளம். அங்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானங்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பதால், விவசாயிகளுக்கும் இது புதுமையாக இராது. எனினும் ஆண்டுக்கு இருபோகம் விளையும் மண் அது. அடுத்த நடவுக்கு நீர் பாய்ச்சுவதற்குள் கிடைக்கும் இடைவெளி குறுகியது. நாள் குறிக்கும் உரிமை ஏற்பாட்டாளர்களிடம் அன்று, வயலுக்கு உரியவரிடமே இருக்கும்.

இடம் கிடைத்த பின் அனுமதி. மலேசிய விதிகளின்படி ஆளில்லா விமானங்கள் தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், தனி அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. சுபாங் விமான நிலையம் இதே மாநிலத்தில் இருப்பதால், எந்தப் பகுதியின் வான்வெளி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கோலசிலாங்கூருக்கே உரிய இன்னொரு கவலையும் உண்டு. அங்குள்ள இயற்கைப் பூங்காவையும் கடலோரச் சேற்று நிலங்களையும் நாடி வலசைப் பறவைகள் வருகின்றன. ஆற்றோரம் பருந்துகள் வட்டமிடுகின்றன. அவற்றின் வானில் இருநூறு விமானங்கள் நுழைவது இருதரப்புக்கும் நல்லதன்று. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நிலமே ஏற்றது.

காலமும் கணக்கில் சேர வேண்டும். பிற்பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும். சில மாதங்களில் இடியுடன் மழையும் கொட்டும். இலேசான நுரை அட்டை விமானத்துக்கு இரண்டுமே பகை. வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடித்துவிடுவதே சரி.

இனி, புறப்பாடு. இங்குதான் கணிதம் கைகொடுக்கிறது. மூன்று நொடிக்கு ஒரு விமானம் என ஏவினால், 200 விமானங்களை ஏவ 600 நொடிகள், அதாவது 10 நிமிடங்கள் ஆகும். மின்கலம் 8 நிமிடங்கள்தான் தாங்கும் எனக் கொண்டால், கடைசி விமானம் எழுவதற்கு முன்பே முதலில் எழுந்தவை இறங்கத் தொடங்கிவிடும். அனைத்தும் பறந்திருக்கும், ஆனால், ஒரே நேரத்தில் பறந்திரா. எனவே இருபது இருபது பேராகப் பத்து வரிசைகள் அமைக்க வேண்டும். காற்று வரும் திசையை நோக்கி ஒரு வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் ஏவ வேண்டும். வரிசைக்குப் பத்து நொடி என வைத்தாலும் இரண்டு நிமிடங்களுக்குள் இருநூறும் மேலே சென்றுவிடும்.

மேலே சென்றவை மோதாமல் இருக்க, எல்லா விமானங்களும் ஒரே திசையில் வட்டமிட வேண்டும். முதல் வரிசைகள் உயரத்திலும் பின் வரிசைகள் தாழ்விலும் பறக்கலாம். அப்படியிருந்தும் சில மோதும். பத்து விமானங்கள் விழுந்தாலும் இலக்கு தவறாதிருக்க, 220 விமானங்களையேனும் ஆயத்தமாக வைத்திருப்பது அறிவுடைமை.

ஓட்டுபவரின் இரு கைகளும் கட்டுப்பாட்டுக் கருவியில் இருப்பதால், விமானத்தை ஏவ இன்னொருவர் வேண்டும். தோளுக்கு மேல் பிடித்து, இறக்கை சாயாமல், நேராக வீசத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். தவறாக வீசினால் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் விமானத்தைக் காப்பாற்ற இயலாது. ஆக, 200 விமானங்களுக்கு 400 பேர். வரிசைத் தலைவர்கள், முதலுதவிக் குழு, மின்கலம் ஏற்றும் கூடாரத்தில் இருப்போர், தண்ணீர் கொடுப்போர் எனக் கூட்டிப் பார்த்தால் ஐந்நூறை நெருங்கும்.

சொந்தமாக விமானம் வாங்க வசதி இல்லாத மாணவனுக்கு இதில் இடம் உண்டா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே விடை தருகிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அப்துல் கலாம் பிறந்த இராமேசுவரத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், மாணவர்கள் உருவாக்கிய 100 மிகச்சிறு செயற்கைக்கோள்கள் பலூன்களின் மூலம் வானுக்கு அனுப்பப்பட்டன. அதுவும் சாதனை நோக்கில் நடந்த முயற்சியே. அதில் பங்கேற்ற மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒரு கருவிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு. கோலசிலாங்கூரிலும் ஐந்து மாணவர் சேர்ந்து ஒரு விமானம் செய்யலாம். புறப்பாட நடவடிக்கை நேரத்தில் தொடங்கினால், நுரை அட்டை உடலை இரண்டு மூன்று சந்திப்புகளில் முடித்துவிடலாம். பறக்கக் கற்பதற்குத்தான் மாதக் கணக்கில் ஆகும். கணினிப் பாவிப்பில் பழகிய பின்னரே மெய்யான விமானத்தைத் தொடுவது செலவைக் குறைக்கும்.

சாதனை முயற்சிகளில் பெரும்பாலோர் பொருட்படுத்தாமல் விடும் பகுதி எண்ணிக்கை. பறந்ததா இல்லையா என்பதைவிட, பறந்தது என்பதை மெய்ப்பிக்க முடியுமா என்பதே கேள்வி. கின்னஸ் நூல் பிறந்ததே இப்படிப்பட்ட ஒரு வாதத்தால்தான். 1951ஆம் ஆண்டு அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்ற ஹியூ பீவர், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று நண்பர்களோடு வாதிட்டார். எந்த நூலிலும் விடை கிடைக்கவில்லை. அத்தகைய வாதங்களைத் தீர்க்கவே 1955இல் முதல் நூல் வெளிவந்தது. ஆகவே அந்நிறுவனம் வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. முதலில் விண்ணப்பித்து, நடப்புச் சாதனை எவ்வளவு, அதற்குரிய விதிகள் யாவை என்பவற்றை எழுத்து மூலம் பெற வேண்டும். முயற்சி நாளில் சுயேச்சையான சாட்சிகள் இருக்க வேண்டும். பங்கேற்பாளரோ அவர்தம் உறவினரோ சாட்சியாக முடியாது. வெட்டி ஒட்டாத காணொளி வேண்டும். கூட்டுச் சாதனைகளில் 50 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்பது வழக்கமான விதி.

வானில் சுழலும் இருநூறு விமானங்களை அண்ணாந்து பார்த்து யாராலும் எண்ண முடியாது. எண்ண வேண்டியது தரையில். ஒவ்வொரு விமானத்துக்கும் எண் ஒட்டப்படும். ஓட்டுநர் தம் எண் எழுதிய கட்டத்துக்குள் நிற்பார். ஒலிப்பான் முழங்கும் நேரத்தில் எந்தக் கட்டத்தின் விமானம் பறந்துகொண்டிருக்கிறது, எது விழுந்துவிட்டது என்பதைக் கண்காணிப்பாளர் தம் தாளில் குறிப்பார். தம் விமானம் விழுந்ததும் ஓட்டுநர் உடனே அமர்ந்துவிட வேண்டும் என்று விதித்தால், நிற்போரை எண்ணினாலே போதும். இவ்வேற்பாட்டில் நேர்மை மிக முக்கியம். விமானம் விழுந்த பின்னும் நின்றுகொண்டிருக்கும் ஒரே ஒருவரால் எல்லோருடைய உழைப்பும் தள்ளுபடியாகலாம். ஆகவே ஒத்திகை நாள்களில், ஏவுவதைப் போலவே அமர்வதையும் பயில வேண்டும்.

இரண்டாவது ஒலிப்பான் முழங்கியதும் விமானங்கள் வரிசைப்படி இறங்கும். கடைசியாக ஏறியவை தாழ்வில் இருப்பதால் அவை முதலில் இறங்கும். இறங்கிய விமானத்தை எடுக்க ஒருவரும் ஓடக்கூடாது. மேலே இன்னும் பறந்துகொண்டிருப்பவை உண்டு. வானம் காலியானதாகத் திடல் பொறுப்பாளர் அறிவித்த பின்னரே தேடும் வேலை தொடங்கும்.

ஏவிய எண்களும் மீட்ட எண்களும் ஒத்துப்போகும்வரை யாரும் வீடு திரும்ப முடியாது. நுரை அட்டைத் துண்டுகள் வயலில் கிடந்தால் மண்ணுக்குக் கேடு. அடிபட்டு வீங்கிய லித்தியம் மின்கலம் சற்று நேரம் கழித்துத் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை மணல் நிரப்பிய வாளியில் தனியே போட வேண்டும். தேடும் குழுவுக்கு அந்நிலத்தின் வாய்க்காலும் வரப்பும் அறிந்த உள்ளூரார் துணை தேவைப்படும். செம்பனை உச்சியில் சிக்கியதை இறக்க, குலை வெட்டும் நீண்ட கழியைக் கையாளத் தெரிந்த தோட்டத் தொழிலாளர் ஒருவர் வர வேண்டும். சாட்சிகள் கையொப்பமிட்ட தாள்கள், காணொளி, பெயர்ப்பட்டியல் ஆகியவை ஒரே கோப்பில் சேர்ந்து, விடுபட்ட கடைசி எண்ணுக்குரிய விமானமும் கிடைத்த பின்னர், திடலின் வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை உரியவரிடம் ஒப்படைக்கலாம்.